மனசு கேட்க ஒரு மெஷின்

திருப்தியாம், திருப்தி. முன்பெல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை வரிசையாக மூஞ்சிகள் வரைந்த ஒரு தாளைக் கொடுப்பார்கள். முதல் மூஞ்சி அழும், அடுத்தது உம்மென்று இருக்கும், கடைசி மூஞ்சி பல்லை இளிக்கும். உங்கள் பணி உங்களுக்கு எவ்வளவு திருப்தி அளிக்கிறது என்று மேலே ஒரு கேள்வி. நாங்கள் நர்ஸுகள் எல்லாரும் கேண்டீனில் உட்கார்ந்து, வடை தின்ற எண்ணெய்க் கையோடு, கடைசிக்கு முந்தின மூஞ்சியை டிக் செய்து கொடுத்துவிடுவோம். கடைசி மூஞ்சியை டிக் செய்தால் பொய் என்று தெரிந்துவிடும். அதற்குக் கீழே இறங்கினால் ஆபீஸுக்குக் கூப்பிட்டு அட்வைஸ் செய்வார்கள். அந்த ஒரு மூஞ்சியை வைத்தே வருஷக்கணக்காக எங்கள் பிழைப்பு ஓடியது.

பிறகு யாரோ எங்கள் எம்.டி. டாக்டர் தனராஜின் காதில் ஓதிவிட்டார்கள், தாளில் எழுதுவது பொய், நரம்பு பொய் சொல்லாது என்று. பாளையங்கோட்டையில் இந்த ஆஸ்பத்திரியைக் கட்டியவர் அவர்தான். நல்ல சர்ஜன், அதை மறுக்க மாட்டேன். வயிற்றைத் திறந்தால் கை நடுங்காது. ஆனால் 'பணிபுரியச் சிறந்த இடம்' என்று வாசலில் ஒரு பித்தளைப் பலகை மாட்ட வேண்டும் என்ற ஆசை வந்ததிலிருந்து மனுஷனுக்குப் புத்தி மழுங்கிவிட்டது. நர்ஸுகள் லண்டனுக்கும் ஜெர்மனிக்கும் குவைத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஏன் ஓடுகிறீர்கள் என்று எங்களைக் கேட்டிருந்தால் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் சொல்லியிருப்போம். கேட்கவில்லை. மெஷின் வாங்கினார்.

மெஷினோடு ஓர் ஆளும் வந்தார். நிகேதன் என்று பெயர். மெட்ராஸில் பிறந்து வளர்ந்த தமிழர்தான், ஆனால் தமிழை மருந்து மாதிரி அளவோடுதான் எடுத்துக்கொள்வார். அவருடைய பதவியின் பெயர் தலைமை மகிழ்ச்சி அலுவலர். எங்கள் மகிழ்ச்சிக்கு ஓர் அலுவலர், அதிலும் தலைமை அலுவலர். அவருக்குக் கீழே யாரும் இல்லை என்பது வேறு விஷயம்.

கீழ்த்தள ஹாலில் எங்களை எல்லாம் உட்காரவைத்து விளக்கம் கொடுத்தார். மிளகு அளவில் ஒரு கறுப்புப் பொட்டு. காதுக்குப் பின்னால், எலும்பு தட்டுகிற இடத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். நரம்பின் துடிப்பையும் வேர்வையையும் குரலையும் சேர்த்துப் பார்த்து, உள்ளே மனசு அமைதியாக இருக்கிறதா, உறுத்திக்கொண்டிருக்கிறதா என்று கண்டுபிடித்துவிடுமாம். அமைதி என்றால் அவர் ஸ்க்ரீனில் பச்சை, உறுத்தல் என்றால் சிவப்பு. கம்பெனி அதற்கு 'நிறைவு' என்று பெயர் வைத்திருந்தது. மாட்டின் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்குமே, அதன் பெயரை நாங்கள் வைத்தோம். அன்று சாயங்காலத்துக்குள் ஆஸ்பத்திரி முழுக்க அது உண்ணி ஆகிவிட்டது.

நான் சண்முகவடிவு, மூன்றாவது மாடியில் ஆபரேஷன் முடிந்தவர்கள் கிடக்கிற வார்டுக்கு இன்சார்ஜ். இன்சார்ஜுகளுக்கு உண்ணி ஒட்டவில்லை. எங்களுக்குத் திருப்தி இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் அக்கறை இல்லை.

முதல் மாத முடிவில், ஆஸ்பத்திரியிலேயே ஆகக் குறைந்த திருப்தி என் வார்டு இசக்கியம்மாளுக்கு என்று வந்தது. ஒரு துளிப் பச்சை இல்லை, முழுச் சிவப்பு. வள்ளியூர்ப் பக்கத்துப் பெண், ஒல்லியாக, எப்போதும் எதையோ மறந்துவிட்டவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருப்பாள். வேலை பிடிக்காதவளா என்றால், இல்லை. அவளுக்கு வேலையே ஒரு வியாதி. டியூட்டி முடிந்து, அடுத்த ஷிப்டுக்கு எல்லாவற்றையும் ஒப்படைத்து, பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போயிருப்பாள். டிரைவர் இல்லாத அந்தப் புது பஸ் வந்து கதவைத் திறந்துகொண்டு நிற்கும். இவள் ஏறாமல் திரும்பி வார்டுக்கு வந்து நிற்பாள். கேட்டால், "மனசு கேக்கல சிஸ்டர், ஒரு எட்டு பாத்துட்டுப் போயிருதேன்" என்பாள்.

பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. தூங்குகிற நோயாளியை எழுப்பித் தொலைப்பாள். நானே எத்தனையோ தடவை வள்ளென்று விழுந்திருக்கிறேன். ஆனால் சில நாள் இருக்கும். டியூப் மடங்கிக் கிடக்கும், கட்டுக்கு அடியில் ஈரம் பரவியிருக்கும். பைக்கில் விழுந்து காலுக்கு மாவுக்கட்டு போட்ட ஒருவனுக்கு விரல் நீலம் பாரிக்க ஆரம்பித்திருந்ததை இப்படித் திரும்பி வந்துதான் கண்டுபிடித்தாள். கட்டை உடனே பிரித்தார்கள். அவன் இன்றைக்கும் இரண்டு காலில் நடக்கிறான் என்றால் இவளுடைய அந்த வியாதியால்தான்.

இசக்கியின் சிவப்புக்குக் காரணம் தேடி, மெஷின் அவள் பேச்சை அலசியது. 'கேக்கல' என்ற சொல் மற்ற எல்லாரையும்விட அவள் வாயில் அதிகம் வருகிறது என்று கண்டுபிடித்தது. கேட்கவில்லை. ஆகவே காது கேட்கவில்லை. காது கேளாமல் வேலை பார்ப்பதால் மன உளைச்சல். நிகேதனும் அதைப் படித்துவிட்டுத் தலையாட்டி, அவளைக் காது மூக்குத் தொண்டை டாக்டரிடம் அனுப்பிவைத்தார். இவளும் எதற்கு என்று கேட்காமல் போய் உட்கார்ந்திருக்கிறாள். அவர் இரண்டு காதிலும் லைட் அடித்துப் பார்த்து, கொஞ்சம் அழுக்கு இருந்ததை எடுத்துவிட்டு, செவி நன்றாக உள்ளது என்று எழுதிக் கொடுத்தார். மறுநாளும் சிவப்பு. அழுக்கு எடுத்த பிறகும் சிவப்பு வருகிறதே என்று நிகேதனுக்கு நிஜமான கவலை.

அதற்காக என்னைக் கூப்பிட்டார். எனக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

"மனசு கேக்கலன்னா காது செவிடுன்னு அர்த்தம் இல்ல, தம்பி" என்றேன். "செஞ்சது போதும்னு அறிவு சொல்லும். மனசு அதக் கேக்காது. திரும்பிப் போய்ப் பாக்கச் சொல்லும்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ மெஷின் கரெக்டாத்தான் அளக்குது மேம். வேலை முடிஞ்ச பிறகும் முடியாத அந்த உறுத்தலைத்தான் நாங்க அதிருப்தின்னு சொல்றோம்."

"நாங்க அத நர்ஸிங்னு சொல்லுதோம்."

அவர் கோபிக்கவில்லை. கோபம் வந்தால்தானே பதிலுக்கு நாமும் நாலு வார்த்தை பேச முடியும். சிரித்துக்கொண்டே, இசக்கி மாதிரி கஷ்டப்படுகிறவர்களுக்காகத்தான் அடுத்த மாடல் வருகிறது என்று சொன்னார். முதல் மாடல் அளக்க மட்டும் செய்யும். அடுத்தது சரியும் செய்யும். உறுத்தல் தலைதூக்கும்போதெல்லாம் நரம்புக்கு ஒரு மெல்லிய துடிப்பைக் கொடுக்கும், குழந்தையைத் தட்டித் தூங்கவைக்கிற மாதிரி. உயிருக்கோ புத்திக்கோ ஓர் ஆபத்தும் இல்லை, செய்கிற வேலை எதுவும் மறக்காது, முடிந்தது முடிந்தது என்று மனசு கேட்டுக்கொள்ளும், அவ்வளவுதான் என்றார். முதல் உண்ணி குடிக்கிற உண்ணி, இது ஊட்டுகிற உண்ணி என்று நான் புரிந்துகொண்டேன்.

அது வந்ததும் முதலில் இசக்கியைத்தான் கூப்பிட்டார்கள். கட்டாயம் இல்லையாம். ஆனால் வேண்டாம் என்றால் வேலையை விட்டுப் போய்விட வேண்டும், போகும்போது கொடுக்கிற அனுபவச் சான்றிதழில் அவளுடைய திருப்தி மார்க்கைச் சிவப்பில் அச்சடித்துக் கொடுப்பார்கள். அந்தத் தாளைப் பார்த்தால் எந்த ஆஸ்பத்திரியும் வாசலில் ஏற்றாது. அதோடு அவள் நர்ஸாக இருந்த காலம் முடிந்தது. கட்டாயம் இல்லை என்பதற்கு அவர்கள் ஊரில் அதுதான் அர்த்தம் போல.

நான் நேராக எம்.டி.யிடம் போனேன். அந்தப் பெண்ணின் உறுத்தலை எடுத்துவிட்டால் என் வார்டுக்குக் கண் போய்விடும் என்று சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு நிதானமாகப் பேசினார். ஒரு பெண் ராத்திரி தூக்கம் இல்லாமல், சாப்பாடு இறங்காமல் தவிக்கிறாள், அந்தத் தவிப்பில்தான் உங்கள் வார்டு ஓடுகிறது என்றால், அவளை அப்படியே தவிக்கவிடச் சொல்கிறீர்களா என்று கேட்டார். இவ்வளவு நியாயமாகப் பேசுகிற அயோக்கியத்தனத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. ஆட்களைக் கூடப் போட்டால் அவள் தவிப்பு பாதியாகக் குறையும் என்று சொன்னேன். அது நிர்வாக விஷயம் என்றார்.

சரி, இசக்கியே மாட்டேன் என்று சொல்லட்டும், யூனியனுக்காவது போகலாம் என்று நினைத்து அவளைக் கட்டுச் சாமான்கள் வைக்கிற அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் பஞ்சை உருட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். டியூட்டியில் சிஸ்டர் என்று கூப்பிடுகிறவள், அன்றைக்கு அக்கா என்றாள்.

"அக்கா, நான் சோறு தின்னும்போதும் நாலாம் பெட்டுக்காரர நெனச்சிக்கிட்டேதான் திங்கேன். கோயில்ல கண்ண மூடினாலும் டியூப்புதான் தெரியுது. ஒரு நாளாவது எனக்குப் போதும்னு தோணணும்க்கா. அது தப்பா?"

தப்பில்லை என்றேன். அவள் தவிப்பை வைத்து நான் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தேன் என்பது அந்த அறையில்தான் எனக்கு உறைத்தது. மறுநாள் காலையில் போய் ஒட்டிக்கொண்டு வந்தாள்.

ஒரு மாதத்தில் ஆளே மாறிவிட்டாள். கன்னத்தில் சதை பிடித்தது. கண்ணாடி வளையல் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்து, டியூட்டி ஏறும்போது கழற்றி வைத்தாள். சினிமாக் கதை சொன்னாள். ஷிப்டு முடிந்தால் முடிந்ததுதான், பையைத் தூக்கிக்கொண்டு போய் முதல் பஸ்ஸில் ஏறிவிடுவாள். ஊசி நேரத்துக்குப் போட்டாள், காய்ச்சல் பார்த்தாள், எழுத வேண்டியதை எழுதினாள். ஒரு குறை சொல்ல முடியாது. அவள் சிரிப்பதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதைப் பார்த்துத்தான் பயமாகவும் இருந்தது. மற்ற பிள்ளைகளும் இசக்கியைப் பார்த்துவிட்டு ஒவ்வொருத்தியாக அவர்களாகவே போய் ஒட்டிக்கொண்டு வந்தார்கள். வார்டு பச்சைப் பசேல் என்று ஆகிவிட்டது.

அந்தப் பச்சையில்தான் மைதீன் பாத்து வந்து படுத்தார். மேலப்பாளையத்து அம்மா, பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அடுத்த நாள் எனக்கு வார லீவு. அன்று காலையில் அவர் இசக்கியிடம், "என்னமோ செய்யுது பிள்ள" என்று சொல்லியிருக்கிறார். வலிக்கிறது என்று சொன்னால் மருந்து உண்டு. குளிர்கிறது என்றால் போர்வை உண்டு. என்னமோ செய்யுது என்பதற்குப் புத்தகத்தில் ஒன்றும் கிடையாது. அந்த வார்த்தையைக் கேட்டால் வாசல் வரை போன காலும் திரும்பிவிடும். இசக்கி காய்ச்சல் பார்த்தாள், பிரஷர் பார்த்தாள். எல்லாம் ஓரளவு சரியாக இருந்தது. ஒன்றும் இல்லை, தூங்குங்கள் என்று சொல்லிவிட்டு, எழுதிவைத்துவிட்டு, நேரத்துக்கு வீட்டுக்குப் போனாள். மத்தியான ஷிப்டுக்காரியும் அதையேதான் செய்தாள். சாயங்காலம் டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது அந்த அம்மாவுக்கு வயிறு பலகையாக இறுகியிருந்தது. உள்ளே பித்தநீர் கசிந்து பரவிவிட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். பிழைக்கவில்லை.

எங்க உம்மா காலையிலேருந்து சொல்லிக்கிட்டே கெடந்துச்சே என்று அவருடைய மகன் வராந்தாவில் நின்று ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்துக் கேட்டான். சத்தம்கூடப் போடவில்லை. விசாரணை நடந்தது. எல்லாப் பரிசோதனையும் உரிய நேரத்தில் நடந்திருக்கிறது, யாரிடமும் தவறு இல்லை என்று முடிவானது. அன்று முழுக்க வார்டு பச்சையாக இருந்தது என்று நிகேதன் ஒரு நல்ல செய்தியையும் சேர்த்துச் சொன்னார். அவருக்கு அது சாட்சி.

இசக்கியை நான் தனியாகக் கேட்டேன். அவள் முகம் கழுவி வைத்த மாதிரி தெளிவாக இருந்தது. "பாவம்தான்க்கா. ஆனா செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சிட்டோம்லா" என்றாள். எனக்கு அவளை அறைய வேண்டும் போல இருந்தது. அறைந்தால் யாரை அறைவது, அந்தப் பழைய இசக்கி அங்கே இல்லையே. பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்தேன். அதே மாதத்தில் பித்தளைப் பலகையும் வந்து வாசலில் ஏறியது.

கொஞ்ச நாளில் டாக்டர் தனராஜின் குடலிலேயே ஒரு கட்டி என்று வந்தது. மதுரைக்கோ வேலூருக்கோ போயிருக்கலாம். ஆனால் சொந்த ஆஸ்பத்திரியை நம்பாமல் போனார் என்று ஊர் பேசுமே. மதுரையிலிருந்து ஒரு சர்ஜனை வரவழைத்து இங்கேயே செய்துகொள்வது என்று முடிவு செய்தார். முந்தின நாள் மத்தியானம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, தனக்கு யாரை நர்ஸாகப் போடப் போகிறீர்கள் என்று கேட்டார். யாரைப் போடட்டும் என்றேன்.

"அந்த இசக்கியம்மாளைப் போடுங்க."

"போடுதேன் சார். இப்ப அவதான் திருப்தியில முதல் மார்க்."

அவர் கதவைப் பார்த்தார். குரலை இறக்கி, "அதை எடுத்துட்டுப் போடுங்க" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் அவர் வாயால் வரட்டும் என்று, எதை எடுக்கணும் சார் என்று கேட்டேன். காதைத் தொட்டுக் காட்டினார். ஆக, எல்லாம் தெரிந்துதான் செய்திருக்கிறார். மைதீன் பாத்து வயித்துக்கு ஒரு நியாயம், உங்க வயித்துக்கு ஒரு நியாயமா என்று கேட்டேன். அவர் மேஜைக் கண்ணாடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

நிகேதனைக் கூப்பிட்டார்கள். அவர் பெருமையோடு சொன்னார், "அது ஸ்விட்ச் இல்லை சார், பழக்கம். மூளையே கத்துக்கிடுச்சு. இப்ப பொட்டை எடுத்தாலும் அவங்க இப்படியேதான் இருப்பாங்க. அதுதான் நம்ம ப்ராடக்ட்டோட ஸ்பெஷாலிட்டி." எம்.டி.யின் முகத்தில் ரத்தம் வற்றியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். கட்டிடம் முழுக்க மனசு கேட்காத ஆள் இனி யார் மிச்சம் என்று அவர் கண் தேடி, என் மேல் வந்து நின்றது. நீங்களும் இசக்கியும் சேர்ந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். கெஞ்சினார் என்றே சொல்ல வேண்டும்.

ஆபரேஷன் முடிந்தது. கண் விழித்ததிலிருந்து அவர் பெல்லை அடித்துக்கொண்டே இருந்தார். டியூப் சரியாக இருக்கிறதா, இன்னொரு தடவை பாருங்கள், பிரஷர் இப்போது எவ்வளவு, மறுபடியும் பாருங்கள். இசக்கி ஒவ்வொரு தடவையும் சிரித்த முகமாக வந்து, எல்லாம் நல்லா இருக்கு சார் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் சிரிக்கச் சிரிக்க அவருக்குப் பயம் ஏறியது. நான் வேடிக்கை பார்த்தேன்.

மறுநாள் மத்தியானம் நான் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் நிகேதன் வந்திருக்கிறார். நோயாளிகளின் திருப்திக்கென்று கம்பெனி தனியாக ஓர் உண்ணி செய்திருந்தது. முதலாளி படுகிற அவஸ்தை பொறுக்காமல் அதில் ஒன்றை அவர் காதுக்குப் பின்னால் ஒட்டிவிட்டுப் போய்விட்டார். நல்லெண்ணம்தான். அந்த ஆளிடம் கெட்ட எண்ணம் என்று ஒன்று இருந்ததே இல்லை, அதுதான் அவரிடம் எனக்குத் தாங்க முடியாதது.

நான் திரும்பி வந்தபோது அறை நிசப்தமாக இருந்தது. எம்.டி. புன்னகையோடு மேலே பார்த்துக்கொண்டு கிடந்தார். வலி இருக்கிறதா என்று கேட்டேன். ஒன்றும் இல்லை, ரொம்ப நன்றாக இருக்கிறது என்றார். வயிற்றை வெட்டிய மறுநாள் ரொம்ப நன்றாக இருக்கிறது என்று சொன்ன மனுஷனை நான் பார்த்ததில்லை. உள்ளே ரத்தம் கசிந்தால் நோயாளிக்கு இன்னதென்று சொல்லத் தெரியாத ஒரு தவிப்பு வரும். புரளுவார்கள், கையைப் பிடிப்பார்கள், என்னமோ செய்யுது என்பார்கள். அந்தத் தவிப்புதான் எங்களைக் கூப்பிடுகிற முதல் குரல். அதைத்தான் தட்டித் தூங்கவைத்திருக்கிறார்கள் என்று எனக்கு நொடியில் உறைத்தது.

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் நின்றேன். இசக்கி சற்றுமுன்தான் எல்லாம் பார்த்து எழுதியிருந்தாள். கதவைச் சாத்திவிட்டு நான் போய்விட்டால் என்னை யாரும் ஒரு கேள்வி கேட்க முடியாது. செய்ய வேண்டியதெல்லாம் செய்தாகிவிட்டது. அவர் மேல் எனக்கு இருந்த வெறுப்புக்கு அந்த நினைப்பு இனித்தது. ஆனால் அதற்குள் என் கை போர்வையை விலக்கிப் பாதத்தைத் தொட்டுவிட்டது. பாதம் ஐஸாக இருந்தது. கண் ரப்பையை இழுத்துப் பார்த்தேன், வெளுத்திருந்தது. ரத்தம் வடிய வேண்டிய டியூப் அடைத்துக்கொண்டு, வயிறு உப்பிக்கொண்டு வந்தது. தியேட்டரைத் தயார் செய்யச் சொல்லிக் கத்தினேன். கட்டிலை நானே தள்ளிக்கொண்டு ஓடினேன். வழியெல்லாம் அந்த மனுஷன் சிரித்துக்கொண்டே வந்தார்.

பிழைத்துக்கொண்டார். உடம்பு தேறி நாற்காலியில் உட்கார ஆரம்பித்ததும் போய்ப் பார்த்தேன். உங்கள் உடம்பே சாட்சி, இனியாவது இதை நிறுத்துங்கள், இதை நிறுத்த உங்கள் ஒருவரால்தான் முடியும் என்று சொன்னேன். அவர் காதுக்குப் பின்னால் அந்தப் பொட்டு அப்படியே இருந்தது.

"எதை நிறுத்தணும், வடிவு? எனக்கு ஒரு குறையும் தெரியலையே."

மைதீன் பாத்து செத்தது குறை இல்லையா என்று கேட்டேன். வருத்தம்தான் என்றார், செய்ய வேண்டியதைச் செய்தோம் என்றார். ஆபரேஷனுக்கு முந்தின நாள் பயத்தில் வெளுத்த அந்த முகத்தை எனக்குத் துளியும் பிடிக்காது. ஆனால் அந்த முகத்தோடு பேசியிருந்தால் ஒருவேளை நிறுத்தியிருப்பார். இப்போது அந்த முகமும் இல்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, என் உயிரைக் காப்பாத்தினவங்க நீங்க, உங்களுக்கு ஏதாவது செய்யணும் என்றார். எவ்வளவு அவதிப்படுகிறீர்கள் என்று கண்ணால் பார்த்தேன் என்றார். இன்சார்ஜுகளுக்கும் ஒட்டச் சொல்லி உத்தரவு போட்டிருக்கிறாராம், முதலில் எனக்காம். பரிசு.

வேண்டாம் என்றால் எனக்கும் அந்தச் சிவப்புத் தாள்தான். போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பையைக்கூட எடுத்துவிட்டேன். ஆனால் நான் போனால் அந்த வார்டில் என்னமோ செய்யுது என்று யாராவது சொன்னால் யார் திரும்புவார்கள்? அதை நினைத்தால் வாசலைத் தாண்ட முடியவில்லை. ஒட்டிக்கொண்டால் அப்போதும் யாரும் திரும்ப மாட்டார்கள். போனாலும் கெட்டேன், இருந்தாலும் கெட்டேன். குறித்த நாளன்று காலையில் தலையிலும் காதோரத்திலும் தேங்காய் எண்ணெயை வழிய வழியத் தேய்த்துக்கொண்டு டியூட்டிக்குப் போனேன். அதில் ஒன்றும் ஆகப் போவதில்லை என்று தெரியும். ஸ்பிரிட்டால் துடைத்தால் எண்ணெய் போய்விடும். வேறு வழி தோன்றாததால் செய்தேன்.

ஒட்டுவதற்கு இசக்கிதான் வந்தாள். ஸ்டூலில் உட்காரவைத்து, என் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். கை அவ்வளவு பதமாக இருந்தது. "ஒண்ணுமே இல்லக்கா, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்றாள். ஊசிக்குப் பயப்படுகிறவர்களிடம் சொல்லும்படி நான் அவளுக்குக் கற்றுக்கொடுத்த வார்த்தை. ஸ்பிரிட் பஞ்சால் ஓர் இழுப்பு இழுத்தாள். பொட்டை வைத்து அழுத்தினாள். முடிந்தது என்று சொல்லி, என் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள்.

எறும்பு கடிக்கவில்லை. எண்ணெய் அப்படியே இருந்தது. பொட்டு கொஞ்ச நேரம் காதோரத்தில் நின்றது, பிறகு கழுத்து வழியாக வழுக்கிக்கொண்டு வந்து என் மடியில் விழுந்தது. கீழே நிகேதனின் ஸ்க்ரீனில் என் பெயருக்கு நேரே ஒன்றும் வந்திருக்காது. ஆனால் அவரும் பெருமைக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தார், ஒன்றும் வராததில் அவருக்கு ஒரு குறையும் தெரிந்திருக்காது.

தப்பித்தேன் என்று எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய இசக்கி என்றால் துடைத்த இடம் காய்ந்ததா என்று விரலால் தொட்டுப் பார்ப்பாள், ஒட்டிவிட்டுப் போனாலும் பாதி வழியில் நின்று யோசிப்பாள், வந்துவிடுவாள். வந்தால் நான் தொலைந்தேன். ஆனாலும் அவள் வர வேண்டும் என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. வராந்தாவில் ஒரு செருப்புச் சத்தம் கேட்டது. அது கதவைக் கடந்து நேராகப் போய்விட்டது.